யாழினியின் பிசிக்ஸும் என் தேங்காயும்

ஆடி, ஞாயிறு

காலையிலேயே அனல். தண்ணி லாரி வரவில்லை.

தங்கச்சி வீட்டில் ரகளை. அவள் மகள் யாழினி, பதினொன்றாவது, பிசிக்ஸில் ஃபெயில். நம்ம வம்சத்தில் ஃபெயிலா! நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் நானாக நின்றேன், பள்ளிக்கூடமே அழுதது.

தங்கச்சி வீட்டுக்காரர் ஒரே பிடி. "வெள்ளிக்கிழமைதான் கடைசி மச்சான். காமர்ஸுக்கு மாத்திருவோம். பிசிக்ஸு நம்ம பிள்ளைக்கு வராது."

யாழினி தலை நிமிராமல், "எனக்கு பிசிக்ஸ்தான் வேணும்."

விடுவேனா? "நான் இருக்கேன் மாப்ள. பிசிக்ஸு எனக்குத் தண்ணிபட்ட பாடு."

பொய்யில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பேன். கீழே ஊற்று இருந்தால் தேங்காய் தானாக நிமிரும். ஆவுடையார்கோவில் முதல் மணமேல்குடி வரை போர் போட இடம் சொன்னவன். கலெக்டரே ஆள் அனுப்பியிருக்கிறார். (கலெக்டர் ஆபீஸ் டிரைவர். எல்லாம் ஒன்றுதான்.)

திங்கள்

புழுதிக் காற்று. வாங்க வேண்டியது: தேங்காய், மோட்டாருக்கு கிரீஸ், தைலம்.

கைடைக் கையில் வைத்துக்கொண்டு யாழினியைக் கேள்வி கேட்டேன். அதிர்ந்துபோனேன். கமா, புள்ளி விடாமல் ஒப்பிக்கிறாள்!

"பெறகு ஏன் ஆத்தா ஃபெயிலு?"

"கணக்குல நம்பரை மாத்திட்டாங்க மாமா."

செவ்வாய்

பள்ளிக்கூடம் போனேன். பிசிக்ஸ் டீச்சர் சின்ன வயசு. சொன்னது: கைடை மூடணும். கணக்கைப் படித்ததும் படம் போடணும். என்ன நடக்கும் என்று முதலில் தானே சொல்லணும், அப்புறம் செய்து பார்க்கணும். தப்பாக வந்தால் சந்தோஷப்படணும்.

"தப்பா வந்தா சந்தோஷமா? எந்த ஊரு நியாயம் டீச்சர்?"

"அப்பத்தானே புதுசா ஒண்ணு தெரியவரும்."

யாழினியிடம் எல்லாவற்றையும் என் யோசனையாகச் சொன்னேன். வெறும் வயிற்றில் வெந்தயம் என்று ஒன்றை நானே சேர்த்தேன்.

புதன்

மேகம் போட்டுக் கலைந்தது. முழங்கால் வலி.

யாழினி மொட்டைமாடியில் ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் எலுமிச்சம்பழம். "எது மாமா முதல்ல விழும்?"

"இது ஒரு கேள்வியா? தேங்காதான்."

"ஒண்ணாத்தான் விழும்."

ஒரே சத்தம். மறுபடி போடச் சொன்னேன். ஒரே சத்தம். காற்று என்றேன். மாமரத்து இலை கூட ஆடவில்லை. இத்தனை வயது வரை எவனும் எனக்கு இதைச் சொல்லவில்லையே! ராத்திரி சோறு இறங்கவில்லை. (இரண்டு தட்டு மட்டும்.)

வியாழன்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கொல்லையில் போர் போட வண்டி வருகிறது. இடம் நான் காட்டியது, கல் நட்டிருக்கிறது. யாழினி கேட்டாள்: "கண்ணைக் கட்டிக்கிட்டு அதே எடத்தைக் காட்டுவீங்களா மாமா? முதல்லயே சொல்லிருங்க."

"ஒன் மாமன் தூங்கிக்கிட்டே காட்டுவான்."

துண்டால் கட்டினாள். சுற்றிவிட்டாள். நடந்தேன். தேங்காய் நிமிர்ந்தது. கண்கட்டை அவிழ்த்தால் மாட்டுத் தொட்டி. இரண்டாம் தடவை வேலியோரம். மூன்றாம் தடவை அந்தக் கல்லே காலில் இடறியது. தேங்காய் அசையவில்லை.

சத்தியமாக நான் ஆட்டவில்லை. தானாகத்தான் நிமிர்ந்தது, மூன்றும் தப்பு. என் கையையே ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நீங்க பொய் சொல்லல மாமா. ஒங்களுக்கே தெரியாம கை அசையுது."

பின்னாலேயே மாப்பிள்ளை. எவ்வளவு நேரமாக நின்றாரோ. "தாய்மாமனையே சோதிக்கிறியா? இதுதான் ஒன் படிப்பா? நாளைக்கே காமர்ஸு."

யாழினி அழவில்லை. அதுதான் தாங்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. தொழில் போய்விடுமே.

வெள்ளி

மழை இல்லை. அதே வெயில்.

பள்ளிக்கூட வாசலில் மாப்பிள்ளை பைக்கை நிறுத்தினார். பின்னால் யாழினி. நானும் என் வண்டியில் போய் நின்றேன்.

"மாப்ள, கண்ணைக் கட்டச் சொன்னதே நான்தான். அந்தக் காலத்துலேயே நான் கண்டுபிடிச்ச முறை அது. யாருக்கும் சொல்லல, இவளுக்குத்தான் சொன்னேன். நேத்து ஒழுங்காச் செஞ்சா. இவளுக்கா பிசிக்ஸு வராது?"

யாழினி என்னைப் பார்த்தாள். கண்ணைக் காட்டினேன், சும்மா இரு என்று.

மாப்பிள்ளை ஹேண்டில்பாரைத் தடவினார். "அப்ப ஒங்க தேங்கா தப்புன்னு நீங்களே சொல்றீங்க?"

"தப்புதான்."

சொல்லிவிட்டேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாம் பார்க்க, நடுரோட்டில்.

"சரி, பிசிக்ஸே படிக்கட்டும்" என்று வண்டியைத் திருப்பினார். திருப்பியவர் நின்றார். "ஞாயித்துக்கெழமை போர் வண்டி வருது மச்சான். எங்கன போடுறது?"

யாழினிதான் கேட்டாள்: "மாமா, நீங்க காட்டின போர்ல எதெது உப்பு? எதெது காஞ்சு போச்சு? எவ்வளவு ஆழம்? கிடைச்சது மட்டும் வேணாம்."

தோற்றதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சாயங்காலம் அவள் ஊர்ப் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தாள். கிழக்குத் தோட்டம், உப்பு. கோயில் மேடு, வெறும் பாறை. பள்ளிவாசல் பின்னால், நல்ல தண்ணி. ஒவ்வொன்றாக, ஆழத்தோடு சொன்னேன். ஓர் அடிகூடக் கூட்டவில்லை.