கிழக்கே திரும்பிய ஊசி

பிப்ரவரி 3

செய்முறைத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே சோதனைதான். காந்த ஊசிக்கு மேலே ஒயரைப் பிடித்து, தெற்கிலிருந்து வடக்கே மின்சாரம் விட்டால் ஊசியின் சிவப்பு முனை மேற்கே விலகும். முப்பத்தோரு பேர் மேற்கு என்று எழுதியிருக்கிறார்கள். குருவி மட்டும் கிழக்கு. கீச்சுக் குரலுக்காக வகுப்பு வைத்த பெயர் அது. எனக்கும் அதுவே வாயில் வருகிறது. இருபதுக்குப் பதினொன்று போட்டேன்.

பிப்ரவரி 4

தாளைக் கொடுக்கும்போது பேட்டரியை மாற்றி மாட்டியிருப்பாய் என்றேன்.

"இல்ல மிஸ். ரெண்டு தடவ பாத்தேன். கிழக்கதான் போச்சு."

"அப்போ புத்தகம் தப்பா?"

வகுப்பு சிரித்தது. நானும்தான். மேல்வகுப்பில் அறிவியல் பிரிவுக்குப் பதினான்கு மதிப்பெண்ணாவது வேண்டும். அவளுக்குத் தெரியும். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 7

காலையில் அடுத்த வகுப்புக்காக எட்டு ஊசிகளையும் மேசைக்கு ஒன்றாக வைத்தேன். ஐந்தில் சிவப்பு முனை வடக்கே, வாசலைப் பார்த்தது. மூன்றில் தெற்கே, கரும்பலகையை.

முதலில் மேசையைத் தட்டிப் பார்த்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஊசிகள் இருந்த இழுப்பறையிலேயே போட்டவள் நான். "ரெண்டையும் ஒண்ணா வைக்கலாமா டீச்சர்?" என்று ஆய்வக உதவியாளர் கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன். பலமான காந்தம் பக்கத்தில் இருந்தால் ஊசியின் முனைகளே இடம் மாறிவிடும். இதை வருஷா வருஷம் பாடமாக நடத்துகிறேன்!

மூன்று ஊசிகள், ஊசிக்கு நான்கு பேர். பன்னிரண்டு பேர் கண்முன்னால் அது கிழக்கே போயிருக்கிறது. பதினோரு பேர் மேற்கு என்று எழுதினார்கள், நான் முழு மதிப்பெண் போட்டேன். பார்த்ததை எழுதியவளுக்குப் பதினொன்று.

பிப்ரவரி 8

சொல்லவில்லை. சனிக்கிழமை என்பது ஒரு சாக்கு.

பிப்ரவரி 10

மூன்று ஊசிகளையும் காந்தத்தால் தேய்த்துச் சரி செய்துவிட்டேன். இப்போது எட்டும் வாசலைப் பார்க்கின்றன. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது — இது நிம்மதியா? சீ.

பிப்ரவரி 12

குருவியின் அம்மா வந்திருந்தார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்துவிட்டார். வணிகவியல் பிரிவுக்கு விண்ணப்பம் வேண்டுமாம்.

"அறிவியல் தனக்கு வராதுன்னு அவளே சொல்றா டீச்சர். நீங்க என்ன சொல்றீங்க?"

வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றேன். அவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். என் நாக்கு எங்கே போச்சு? ஒரு வாக்கியம்தானே? தப்பு என்னுதுன்னு சொல்ல அவ்வளவு கஷ்டமா?

பிப்ரவரி 13

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண் பட்டியல் மேலே போய்விட்டது, இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றார். "அதான் சரி பண்ணிட்டீங்களே."

"ஊசியத்தான் மேடம் சரி பண்ணேன்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு திருத்திய பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். விளக்கம் கேட்டு எனக்கொரு குறிப்பாணை வரும். வரட்டும்.

பிப்ரவரி 14

வகுப்பு முன்னால் ஓர் ஊசியை அதே ஒலிபெருக்கிக் காந்தத்தால் தேய்த்து முனையை மாற்றினேன். குருவியை அழைத்து ஒயரைப் பிடிக்கச் சொன்னேன். சிவப்பு முனை கிழக்கே போனது. யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நீ எழுதினதுதான் சரி. தப்பு என்னோடது. உன்னைப் பாத்து சிரிச்சதுக்கும் மன்னிச்சுக்கோ."

"சரி மிஸ்," என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரிசையில், பதினோரு பேரில் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலையில் தையல் கடைக்குப் போய் அவள் அம்மாவிடமும் சொன்னேன். தைப்பதை நிறுத்தாமல் கேட்டார். "அவ ரெண்டு நாள் சாப்பிடல டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 3

அறிவியல் பிரிவுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. சேர்வாளா, தெரியாது. சேர்க்கைப் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 10

இன்று மின்சுற்று. பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர். பல்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும், பின்னால் குறைவாகத்தான் காட்டும் என்று வகுப்பில் பாதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். அப்படியே எழுதியும் விட்டார்கள்.

குருவி எழுதியதை ரப்பரால் அழிப்பதைப் பார்த்தேன். பக்கத்து நோட்டைப் பார்த்துவிட்டு அழிக்கிறாள். இதைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அருகில் போய், என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அழிப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டுலயும் ஒரே அளவு மிஸ்."

நான் குனிந்து இரண்டு மீட்டரையும் படித்தேன்.

"ஆமா," என்றேன்.

ரப்பரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து எழுதினாள்.