முருங்கை மரம் குடிச்ச சாறு

மாமா,

நேர்ல சொல்ல வாய் வரல. அதான் எழுதி உன் டிபன் பாக்ஸ்ல வெக்கிறேன்.

எதிர்ப்பு சக்தி ஏறினா என் கேன்சர் அடங்கிடும்னு, தினம் ஷிப்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி சீந்தில் கொடிய இடிச்சு சாறு குடுப்பியே. அந்தக் கசப்பு வாடைக்கே எனக்குக் கொமட்டிக்கினு வரும். உன் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல முடியல. நீ போனதும் முருங்கை மரத்தடியில ஊத்திடுவேன்.

ஆஸ்பத்திரி ஊசியிலதான் கட்டி கரைஞ்சிது. நீ சாறுதான்னு சிப்காட் பூரா சொல்லிக்கினு திரிஞ்ச. நானும் சிரிச்சிக்கினு இருந்துட்டேன்.

நேத்து உன் கூட்டாளி ஜெயராஜ் வந்து, அவரு சம்சாரம் செண்பகம் ஊசிய நிறுத்திட்டு உன் சாறு மட்டும் குடிக்குதுன்னு சொன்னாரு. அப்பவும் நான் காப்பி ஆத்திக்கினு நின்னேன்.

என்னைத் திட்ட ஊட்டுக்கு வராத. நேரா ஜெயராஜ் ஊட்டுக்குப் போ. நான் ஒரு வாய் கூட குடிக்கலன்னு செண்பகத்துக்கிட்ட சொல்லு.

உன் பொண்டாட்டி