எடுக்காமல் விட்ட வரி

அக்கா,

இன்று காலை உங்கள் நாற்காலியின் முதுகில் ஒரு நீலக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்யவில்லை. புதிய ஆள் வந்துவிட்டார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் போனதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தினமும் அதைத் துடைத்துவிட்டு நான் என் இடத்துக்குப் போய்விடுவேன்.

குடைக்காரர் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த பெண். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மதியம் என்னோடு சாப்பிடக் கூப்பிட்டேனா என்றால், இல்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மேசை நடுவில் பிரித்து வைத்து, பாதிக்கு மேல் தொடாமல் எழுந்துவிட்டேன். இருவருக்கென்று பிரிக்கும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கூட்டவும் தாள் மடிக்கவும்தான் பத்திரிகை ஆசிரியர் அண்ணன் என்னை வேலைக்கு வைத்தார். கடைவீட்டு மாடி, நன்கொடையில் நடக்கும் பத்திரிகை மையம், மாதம் ஓர் இதழ். ஆள் என்று பார்த்தால் அவர், நீங்கள், நான். "எங்கட பேப்பருக்கு ரெண்டே ரெண்டு எதிரி, பிள்ளை. ஒண்டு கம்பெனி, மற்றது கறையான்" என்று முதல் நாளே சொன்னீர்கள். சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். "சிரியும், சம்பளத்தில பிடிக்க மாட்டம்" என்றீர்கள்.

நம் மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் பேசியதை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவர்கள் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் வரியை எடுத்துவிட வேண்டும். எனக்குக் கேள்வி கேட்க வராது. ஆனால் எழுதியதைத் தடுமாறாமல் படிப்பேன். அதனால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்.

செல்வி அக்காவுக்கும் நான்தான் படித்தேன். பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் அவர் கண் கெட்டுப்போன கதை. நீங்கள் பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தீர்கள். ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் அவர் வீட்டில், துணி மடித்துக்கொண்டே கேட்டார். கடைசிப் பத்தி வந்ததும் கையை நிறுத்தினார்.

"தங்கச்சி, இந்தக் கண்ணாடி போட்ட வரிய மட்டும் எடுத்துடு. எங்க லைன்ல கண்ணாடி போட்டவ நான் ஒருத்திதான்லா. பேர மாத்தி என்னா புண்ணியம்? சூப்பர்வைசர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் வந்தபோது நீங்கள் டெலிபோனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மேசையருகே பத்து நிமிடம் நின்றேன். இடையில் பேச வாய் வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கலாம். அதையும் செய்யாமல், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்தால் நீங்கள் அச்சுக்கான ஸ்டென்சிலே வெட்டி முடித்திருந்தீர்கள். "பிழையே இல்லாமல் வந்திருக்கு, பாரும்" என்று என்னிடம் நீட்டினீர்கள். அந்த வரி அப்படியே இருந்தது. ஸ்டென்சிலில் பிழை திருத்தும் சிவப்பு மையை எடுத்துப் பூசி மறைக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு, அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை நானே சுற்றினேன். ஒவ்வொரு தாளாக விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து செல்வி அக்கா மாடியேறி வந்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கையில் நம் இதழ்.

"படிச்சிக் காட்டுவோம், எடுத்துடுவோம்னு சொன்னீங்களே! யாரு எடுக்காம விட்டது?"

நான் தாள் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிள்ளை எனக்குச் சொன்னது. நான்தான் மறந்துபோனேன். என்ர பிழை."

"இவ்வளவு அழகா எழுதத் தெரியுது, ஒரு வரி எடுக்கத் தெரியலயா? ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

இதழை உங்கள் மேசையில் எறிந்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனீர்கள். கதவைச் சாத்திவிட்டாராம். அதை ஆசிரியர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செல்வி அக்கா மாடியேறி வந்துபோன அன்று மாலையே உங்களிடம் சொல்ல வந்தேன். "அக்கா, நான்..." என்று தொடங்கியதும் கையை உயர்த்தினீர்கள். "எனக்குச் சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. சொல்ல வேண்டிய ஆள் ரைஃபிள் ரேஞ்சில இருக்கிறா."

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் உங்களுக்கு மூச்சிரைப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "போனீரா?" நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெளிவில்லாமல் ஆட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு உங்களை உயிரோடு பார்க்கவில்லை.

இன்று மதியத்துக்கு மேல் குடைக்காரர் என்னிடம் ஒரு புதுப் படிவத்தை நீட்டினார். படித்துக் காட்டியபின் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"முன்னாடி இருந்த அக்கா ஒரு வரிய எடுக்க மறந்து, யாருக்கோ வேல போச்சாமே. அண்ணே சொன்னாரு. அதான் இந்த ரூல். பாவம், வயசாயிடுச்சோ என்னவோ, இல்லயா?"

நாற்பத்தோரு வயது உங்களுக்கு. ஒரு வரியையும் நீங்கள் மறந்ததில்லை.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்க்கா" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி பஸ் ஏறினேன்.

செல்வி அக்கா மரக்கதவைத் திறந்தார்; கம்பிக்கதவைத் திறக்கவில்லை. இப்போது அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். உள்ளே நாலைந்து பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"என்னா, இன்னும் ஏதாச்சும் படிச்சிக் காட்டணுமா?"

"இல்லக்கா. அந்த வரிய எடுக்கச் சொன்னீங்கன்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அவங்க மறக்கல. அவங்களுக்குத் தெரியாது."

"என்னா சொல்ற? ஒன்னும் கேக்கல."

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமாக, முதலிலிருந்து சொன்னேன்.