‘பார்வையாளர் விலகிக்கொண்டார்’ என்ற பதிவு குறித்து

அனுப்புநர்
ஆயத்த ஆடைக் கூடத்தில் காஜா எடுக்கும் பெண்,
தங்கள் சிறையில் தண்டனை அனுபவிக்கும் லாரி ஓட்டுநரின் தங்கை.

பெறுநர்
சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: பார்வையாளர் முன்பதிவுப் பக்கம் கைபேசித் திரையில் முழுமையாகத் தெரியாமை – அதனால் நான் வர மறுத்ததாக என் அண்ணனுக்கு அறிவிக்கப்பட்டமை – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். என் அண்ணன் விபத்து வழக்கில் தண்டனை பெற்றுத் தங்கள் பொறுப்பில் இருக்கிறார். தீர்ப்பைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. இறந்தவரின் வீட்டாரை நினைத்தால் எனக்கே வாய் எழாது. எங்களுக்குப் பெற்றோர் இல்லை. அண்ணனுக்கு மணமாகவில்லை. அவரைப் பார்க்க வரக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்பதை மட்டும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. முன்பெல்லாம் வாயிலில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி உள்ளே போனோம். வெயிலில் கால் கடுத்தாலும் வேலை நடந்தது. பிறகு எல்லாம் இணையதளத்தில் என்று அறிவிப்பு வந்தது. நானும் என் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, சனிக்கிழமையைத் தொட்டேன். கட்டம் பச்சையானது. பச்சை என்றால் ஆயிற்று என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அண்ணனுக்குப் பிடித்த கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

3. வாயில் காவலர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். “கம்ப்யூட்டர்ல உங்க பேரு இல்லையேம்மா. இருந்தா விடாம இருப்பேனா?” என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும் பச்சைக் கட்டத்தைக் காட்டிப் பார்த்தேன். அவருக்கே சங்கடமாகி, என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டார். இப்படியே மழைக்காலம் முழுவதும் போயிற்று. சட்டையைக் கொண்டு வருவதும் கொண்டு போவதுமாக இருந்தேன்.

4. தங்கள் அலுவலகத்தில் முறையிட்டேன். அங்கிருந்த எழுத்தர் தன் மேசைக் கணினியில் பக்கத்தைத் திறந்து, “எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே வருது, நீங்கதான் சரியா அமுக்கல” என்றார். ஐயா, வாயிலில் காத்திருக்கும் எங்களில் ஒருவர் கையிலாவது மேசைக் கணினியைத் தாங்கள் பார்த்ததுண்டா? எல்லோர் கையிலும் கைபேசிதான், அதிலும் பாதிக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது.

5. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனையில் கைபேசி பழுது பார்ப்பவர். நாள் முழுக்கக் காஜா எடுத்து எடுத்து என் கண் மங்கிவிட்டதால், கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் ‘உறுதி செய்’ என்னும் பொத்தான் பக்கத்தின் அடிக்குப் போய்விடுகிறதாம். அதே இடத்தில் சிரித்த முகத்தோடு ஒரு வட்டம், ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டபடி, பொத்தானை முழுதாக மறைத்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தை எப்படித் தள்ளினாலும் அந்த வட்டம் நகர்வதில்லை. அதைத் தொட்டு என் குறையை எழுதினேன். மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைக்காரர்தான் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

6. இத்தோடு போயிருந்தால் நான் இந்த மனுவை எழுதியிருக்கவே மாட்டேன். என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆனால் அண்ணனோடு ஒரே அறையில் இருந்து விடுதலையானவர் சென்ற மாதம் என் வேலையிடத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, உட்காரவும் மறுத்து, என்னிடம் சண்டை பிடித்தார். “ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதா? கூடப்பொறந்தவதானே நீ?” என்றார். உறுதி செய்யப்படாத பதிவு தங்கள் கணினியில் ‘பார்வையாளர் விலகிக்கொண்டார்’ என்று ஏறுகிறது என்பதையும், சனிக்கிழமை காலையில் அது அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். “மொதல்ல, பஸ் கெடைச்சிருக்காதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம் உடம்புக்கு ஏதோன்னு பயந்தாரு. கடைசியில பேரு வாசிக்கும்போதே சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு” என்றார். காஜா இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

7. அன்றே எழுத்தைச் சிறிதாக்கி, கடைக்காரரை அருகில் வைத்துக்கொண்டு, ‘உறுதி செய்’யைத் தொட்டேன். அனுமதிக்கப்பட்ட பார்வையாளர்களில் என் பெயர் இல்லை என்று வந்தது. இந்த முறை குறை பக்கத்தில் இல்லை. தங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன், என் பெயரை அண்ணனே நீக்கச் சொல்லியிருக்கிறார். கடிதம் போட்டேன், பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். வீம்பில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

8. ஆகவே ஐயா, பக்கத்தை வடிவமைத்தவர்களை அழைத்து, ஒரு சாதாரணக் கைபேசியில், எழுத்தைப் பெரிதாக்கி, தங்கள் கண்முன் ஒரு முறை முன்பதிவு செய்து காட்டச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த வட்டத்தை வேறெங்காவது வைக்கட்டும். பொத்தானைத் தொடாதவரை கட்டம் பச்சையாக வேண்டாம். என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் விலகிக்கொண்டதாக வாசிக்கப்பட்டார்களோ, தெரியாது.

9. அதற்கெல்லாம் ஒப்பந்தம், ஒப்புதல் என்று நாளாகும் என்று அறிவேன், ஆகட்டும். ஆனால் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க என்னால் முடியாது. யாரையாவது அனுப்பி, எல்லோரும் கேட்க, அவருடைய தங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் வாயில் வரை வந்தாள் என்பதை அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வேண்டுமானால் வாயில் காவலரைக் கேளுங்கள், அவர் மறுக்க மாட்டார். என் பெயரை மீண்டும் சேர்ப்பதும் சேர்க்காததும் அண்ணன் இஷ்டம். அவர் என்மீது கோபப்பட, நான் உண்மையிலேயே செய்த காரியங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளட்டும். செய்யாத இந்த ஒன்றுக்காக வேண்டாம்.

இடம்: பார்வையாளர் வாயிலின் எதிர்ப்புறம்
நாள்: சனிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
லாரி ஓட்டுநரின் தங்கை