பெரிய வண்டியா, சின்ன வண்டியா

மே 11, ஞாயிறு

காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. பெய்யவும் இல்லை, வெயிலும் இல்லை. வடாம் பிழிந்தது வீண்.

ஜானு இன்றைக்கும் இரண்டு மோட்டார் சைக்கிள் படங்களையும் மேஜையில் பரப்பிவைத்தாள். ஜூன் முதல் வாரத்திலிருந்து அவளுக்கு ஆபீஸில் நீண்ட லீவு. இங்கே வலியசாலையில் கிளம்பி பெங்களூர், அங்கிருந்து பனி மலை வரை. பெங்களூர் வரை பின்சீட்டில் நான். அங்கே அவள் அப்பா, என் பிள்ளை வீட்டில் என்னை இறக்கிவிட்டு மேலே தனியாகப் போவாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா? எந்த வீட்டுப் பேத்தி இப்படிக் கூப்பிடுகிறாள்?

பெ.வ. (பெரிய வண்டி): இரண்டு சிலிண்டர். பின்சீட்டு பெஞ்சு மாதிரி அகலம். முதுகுக்குச் சாய்வு. கனம் அதிகம், உயரம் அதிகம். சர்வீஸுக்குக் கொச்சி போக வேண்டும்.

சி.வ.: ஒரு சிலிண்டர். உயரம் குறைவு, எடை குறைவு. சர்வீஸ் இங்கேயே. பின்சீட்டு ஒரு முழம் நீளம் இருந்தால் அதிகம். அதிலும் கூடாரம், படுக்கை வைத்த பையைக் கட்ட வேண்டும்.

ஐந்தாம் கிளாஸோடு நிறுத்தினாலும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தெரியும். மீதியை ஜா. வாசித்துச் சொன்னாள். எனக்குப் பெ.வ. தான். வெளியே சொல்லவில்லை.

பிள்ளை போன் பண்ணினான். அம்மா, இந்த வயசில் உனக்கு எதுக்கு இதெல்லாம், ரயில் இல்லையா என்று. ரயிலில் நாற்பது தடவை வந்தாச்சுடா என்றேன். வைத்துவிட்டான்.

உப்பு, கடுகு, போன் ரீசார்ஜ்.

மே 13, செவ்வாய்

புழுக்கம். ஜா. இன்னும் முடிவு பண்ணவில்லை. ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று. பார்க்கப் பார்க்க எனக்குக் கை கால் பரபரப்பு. அலமாரியை இரண்டு தரம் அடுக்கினேன்.

கடைசியில் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்புத் தெச்சிப்பூ பெ.வ., வெள்ளை நந்தியாவட்டை சி.வ. வாழையிலையில் தனித்தனியாகச் சுற்றி நடையில் வைத்தேன். தொழ வந்த ஒரு குட்டிப் பெண்ணை எடுக்கச் சொன்னார் பூஜை பண்ணும் போற்றி. எடுத்தது தெச்சி.

வீடு வரை கால் தரையில் படவில்லை. ஜா. சிரித்தாள். சரி பாட்டி, சாமியே சொல்லியாச்சு, பெரிசையே ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

மே 14, புதன்

நம் தெருவில் பூக்கட்டிப் பார்ப்பது கல்யாணத்துக்குத்தான். அதை மறந்துபோனேன். பால் வாங்கும்போது எதிர்வீட்டு அலமேலு மாமி பிடித்துக்கொண்டாள்.

"ஜானுவுக்கு ரெண்டு எடம் வந்திருக்காமே. ஒத்தருமே சொல்லலை பாருங்கோ."

"எடமும் இல்லை, மடமும் இல்லை மாமி. மோட்டார் சைக்கிள்."

"மோட்டார் சைக்கிளுக்கா சாமிகிட்ட பூ வெச்சேள்?"

"பின்னே? அதுவும் ஆத்துக்கு வரப்போறதுதானே?"

மாமிக்கு வாய் மூட நேரமாயிற்று. பெங்களூர் வரை உட்காருவேளா, இடுப்பு தாங்குமா என்று விசாரித்தாள். பெஞ்சு மாதிரி சீட்டு என்றேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். முதுகுச் சாய்வைக் கையால் வளைத்துக் காட்டினேன்.

மே 17, சனி

லேசான தூறல், உடனே நின்றது. பைபாஸ் ஓரக் கடைக்குப் போய்ப் பெ.வ.வை ஓட்டிப் பார்த்தோம்.

ஜா. பேண்ட் போடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டினேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார இதைவிட வசதி உண்டா? தொங்கும் துணியெல்லாம் இடுப்பில் செருகியாயிற்று. கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வண்டி காட்டும் ஷிபு சிரிக்கவில்லை. ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, "அம்மூம்மே, பதுக்கெ" (பாட்டி, மெல்ல) என்று கையைப் பிடித்து ஏற்றினான். நல்ல பையன்.

உட்கார்ந்தேன். அடடா. ஊஞ்சல். காற்று முகத்தில் அடிக்கிறது. லாரிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். பார்க்கட்டும். பெங்களூர் என்ன, பனி மலைக்கே போகலாம் போல இருந்தது.

திரும்பும்போது சர்வீஸ் ரோட்டுச் சரிவில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. ஜா. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள். விரல் நுனிதான் எட்டியது. வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். தொடையைக் கொடுத்து நிமிர்த்திவிட்டாள், விழவில்லை. ஆனால் குனிந்து பார்த்தேன். அவள் கால் தையல் மெஷின் ஊசி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒண்ணுமில்லை பாட்டி, பழகிடும் என்றாள். ஷிபுவும் அதையே சொன்னான். எல்லாருக்கும் முதலில் அப்படித்தான், உயரமெல்லாம் சீலமாகிவிடும் என்று.

பழகுமாயிருக்கும். எங்கே பழகும்? பனியிலா?

மே 18, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. எடவப்பாதி மழை இரண்டொரு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். வந்து தொலைக்கட்டும்.

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். ஜா. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சிநேகிதியிடம் போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"எனிக்கு மற்றதாடி இஷ்டம். காலு நிலத்து எத்தும். பக்ஷே அதில் பாட்டி எங்ஙனெ இரிக்கும்?"

அவளுக்குப் பிடித்தது மற்றதாம். கால் தரையில் எட்டுமாம். ஆனால் அதில் பாட்டி எப்படி உட்காருவாள் என்கிறாள்.

துணியை உலர்த்தாமலே கீழே வந்துவிட்டேன். வாளியோடு.

சாம்பாரில் இரண்டு தரம் உப்பு. ஜா. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுவும் கோபமாக வந்தது.

மே 19, திங்கள்

ஜா. ஆபீஸ் போனதும் வீட்டுக்குள்ளேயே நடை. வாசல், கொல்லை, வாசல். சாமி தெச்சியைத்தான் கொடுத்தது. சாமி சொன்னதை மாற்றலாமா? மாற்றினால் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? மாற்றாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

பூக்கட்டும்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். குழந்தைக்கு எது நல்லது என்று கேட்கவே இல்லை. எது கிடைத்தால் நான் சுகமாக உட்காருவேன் என்றே கேட்டிருக்கிறேன். கேட்டதற்குச் சாமி ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

"சின்னதை எடு."

"பூ பெரிசுக்குத்தானே வந்தது?"

"என் முதுகை நெனச்சுண்டு பூவைக் கட்டினேன். வண்டி ஓட்டறது என் முதுகா?"

"அப்போ நீ?"

"நான் ரயில்லே வரேன். வராமலும் இருப்பேன். காபி வேணுமா?"

போட்டுக் கொடுத்தேன். காபி ஆறிப்போயிற்று. வந்து என் மடியில் தலை வைத்தாள். வேர்வை நாற்றம். போய்க் குளி என்றேன்.

மே 29, வியாழன்

மழை மழை மழை. கொல்லையில் தண்ணீர்.

சி.வ. வந்தது. மணல் நிறம். கிழக்கேகோட்டை போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஒரே அடியில் சிதறியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஜா. ஏறி இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினாள். பாதம் முழுக்கத் தரையில். திருப்தி.

பின்சீட்டைத் தடவிப் பார்த்தேன். பலகை.

அலமேலு மாமி குடையோடு வந்து வண்டியைச் சுற்றினாள். "அப்போ நீங்கோ போகலையாக்கும்? பெஞ்சு மாதிரின்னேளே?" போகவில்லை என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. தெருவில் எல்லோருக்கும் இனி இதுதான் பேச்சு. உள்ளே வந்து புளி உருண்டை உருட்டி வைத்தேன், தேவையே இல்லாமல்.

ஜூன் 4, புதன்

நாளைக் காலை ஜா. கிளம்புகிறாள். கொடுத்தனுப்ப: புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், விபூதிப் பொட்டலம், வேஷ்டித் துண்டு (கட்டுப்போட, சங்கிலி துடைக்க).

கொடுத்துவிட்டுப் பார்த்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் பை மாட்டியிருக்கிறது. பின்சீட்டு மட்டும் காலி. கூடாரப் பை எங்கேடி என்றேன். நேற்றே பஸ் பார்சலில் அப்பாவுக்குப் போயாச்சு என்றாள், தலை நிமிராமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. பெங்களூரில்தான் கட்டுவாளாம்.

"அதுவரைக்கும் சீட்டு சும்மாதான் வரும், பாட்டி."

பலகை மாதிரி இருக்கிறதே என்றேன். வலித்தால் சொல்லு, நாகர்கோவிலோ திருநெல்வேலியோ, அங்கேயே நிறுத்தி பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றாள். பஸ்ஸா? பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

விடியவில்லை. மழை விட்டிருக்கிறது. மடிசார் கட்டியாயிற்று. உள்ளே முட்டிக் கவசம். ஜா.வின் மழைக்கோட்டு எனக்குக் கணுக்கால் வரை. சீட்டில் போட நாலாய் மடித்த ஜமக்காளம். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. மாமி எழுந்தாச்சு. நல்லது.

ஹெல்மெட்டுக்குள் தலை போகவில்லை, கொண்டை இடிக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து உச்சியில் போட்ட கொண்டை. அவிழ்த்துக் கழுத்தோரம் இறக்கி முடிந்தேன். போயிற்று.

ஹாரன் அடிக்கிறாள்.