அந்த ஜன்னலைத் தேய்க்க வேண்டாம்

அப்பாவுக்கு வணக்கம். இழுப்பு இப்போது தேவலையா? அம்மாவின் முட்டிவலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் இங்கே பெயிண்ட் வேலை நடக்கிற வீட்டில், அசதியில், பழைய ஆயில் பெயிண்ட் அடித்த கதவுநிலைகளுக்குச் சுவருக்கு முதல் பூச்சாக அடிக்கிற ப்ரைமரையே பூசிவிட்டேன். மறுநாள் மேஸ்திரி நகத்தால் கீறினார். பாலாடை மாதிரி உரிந்து வந்தது. “முடியலன்னா சொல்லுப்பா, கதவை ஏமாத்தாத” என்றார். பன்னிரண்டு நிலைகளையும் மறுபடி செய்தேன்.

நம் ஜன்னலை நீங்களே தேய்க்கப்போவதாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். வேண்டாம்ப்பா. அந்தக்காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஆயில் பெயிண்ட் மேல் பிடிக்கிற ப்ரைமரை நானே வாங்கி வருகிறேன். ஜன்னலில் எத்தனை கம்பி என்று எண்ணி எழுதுங்கள், மறந்துபோய்விட்டது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். ஜன்னல் அப்படியே இருக்கட்டும் அப்பா. லீவு கேட்க எனக்கும் ஒரு காரணம் வேண்டும்.