எழுபது மாடியும் நாலடி அஸ்திவாரமும்

கோவில்பட்டி,
6.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதும் கடிதங்களிலும் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன். போனில், "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டு இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஜனவரி 24 அன்று பள்ளியில் கண்காட்சி. 'ஒரே நகரத்தின் இரண்டு வானளாவிய கட்டடங்கள்' என்பது என் தலைப்பு. மும்பையில் நீங்கள் முன்பு வேலை பார்த்த கண்ணாடிக் கட்டடத்தையும், இப்போது பூச்சு வேலை பார்க்கும் எதிர்க் கட்டடத்தையும் ஒப்பிடப் போகிறேன். "ஒங்க அப்பாவா கட்டுனாக? ரீல் விடாதட்டி" என்கிறாள் என் வகுப்புத் தோழி நுஸைபா. மூன்று வேற்றுமை, ஓர் ஒற்றுமை வேண்டும். கண்காட்சிக்கு நீங்களும் வரவேண்டும். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று பொங்கல் ஆகிவிட்டது.

உங்கள் அன்பு மகள்,
செல்வமாரி

மும்பை,
19.11.2024

அன்பு மகள் செல்வமாரிக்கு,

நலம். அம்மாவின் கால் வலி எப்படி இருக்கிறது?

கண்ணாடிக் கட்டடம் மேலே போகப் போக ஒடுங்கும். எதிர்க் கட்டடம் எழுபது மாடிக்கும் ஒரே அகலம். காற்று புகுந்து போக நடுவில் இரண்டு மாடிகளைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். முன்னது வெயிலைத் திருப்பி அடிக்கும், பகலில் ஏறிட்டுப் பார்க்க முடியாது. பின்னதில் ஒவ்வொரு மாடிக்கும் அகலமான பால்கனி, வெயில் அங்கேயே நின்றுவிடும். கண்ணாடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இதில் கீழ் மாடிகளில் அதற்குள் குடிவந்தவர்கள் காயப்போட்ட துணி தெரிகிறது, அதைப் பார்த்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஒற்றுமை ஒன்றுதான். இரண்டுமே பாறையில் நிற்கின்றன. பாறை வந்ததை எஞ்சினியர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கான்கிரீட்.

அப்பா,
வேல்சாமி

கோவில்பட்டி,
1.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். நுஸைபா அதை வாங்கித் தானும் ஒரு தடவை வாசித்தாள்.

ஒரு சந்தேகம். நம் ஊரில் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அடியில் இருக்கும் வெள்ளைச் சுக்கான் பாறை வரை தோண்டினால்தான் வீடு நிற்கும் என்று நீங்களே சொல்வீர்கள். நீங்கள் கட்டி இடிந்துபோன நம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது சுக்கான் வந்ததை யார் பார்த்தது? அம்மா குளித்த தண்ணீர் தேங்கித்தான் சுவர் விழுந்தது என்றீர்கள். இப்போது இந்த வாடகை வீட்டிலும் அம்மா குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து, நொண்டி நொண்டித் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறாள். "வாளிய நான் தூக்குதேம்மா" என்றால், "போட்டி, ஒருக்கா பட்டது போதும்" என்கிறாள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வமாரி

மும்பை,
16.12.2024

மகளே,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. நான்தான் கொத்தனார், நான் சொன்னதுதான் பேச்சு. வாசல் நிலை வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். நாலடியில் நிறுத்திவிட்டு, சுக்கான் தட்டுப்பட்டது என்று சொன்னேன். ஆறடி போயிருக்க வேண்டும். சுவர் அம்மாவின் கால்மேல் விழுந்தபோது தண்ணீர்மேல் பழியைப் போட்டேன். அவள் நம்பிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. டிக்கெட் எடுத்துவிட்டேன். கண்காட்சிக்கு வந்து நானே சொல்கிறேன்.

அப்பா

கோவில்பட்டி,
24.1.2025

அப்பாவுக்கு,

மூன்று மணி வரை பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மா வந்தாள். நுஸைபாவின் அப்பா குத்புதீன் மாமா ஸ்கூட்டரில் கூட்டி வந்தார். என் தெர்மாகோல் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து, ஒற்றுமை எழுதிய அட்டையை வாசித்துவிட்டு, "ஏட்டி, பாறையப் பாக்காம கான்கிரீட் போட மாட்டாகளோ?" என்று கேட்டாள்.

"மாட்டாகம்மா."

"நம்ம வீட்டுக்கும் அவிய சுக்கான் பாத்துத்தான் போட்டாக. நான்தான் தண்ணிய விட்டுக் கெடுத்தேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. பையிலிருந்து உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

அம்மா இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை. "காலு போனதக்கூட நான் பெருசா நெனைக்கல. அந்த வீட்ட நானே இடிச்சிட்டேன்னு மூணு வருசமா அவியட்ட நிமிந்து பேசலையே" என்றாள். கடிதத்தை மடித்து என்னிடம் தந்து, "பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி எழுது. சாரத்துல பாத்து நிக்கச் சொல்லி எழுது. வரச் சொல்லி மட்டும் எழுதாத" என்றாள்.

அவள் சொன்னபடியே இங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா மட்டும் இன்னும் இரண்டு கட்டடங்களுக்கும் முன்னால் நிற்கிறாள். கண்காட்சிக் கூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள்.

செல்வமாரி